ஆசிரியர் பயிற்சியும் நாளைய பேராசிரியர்களும்: எதை நீக்கலாம், எதைச் சேர்க்கலாம்?

வழித்துணை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பள்ளி ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சியும், முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குக் கற்பித்தல் பயிற்சியும் நடத்தும் ஒரு மையத்தில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். இரண்டுக்கும் பாடத்திட்டத்தைப் புதிதாக எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள், கொடுத்தவர்கள், பயிற்சியே இல்லாமல் வகுப்பில் இறக்கிவிடப்பட்டவர்கள் என்று எல்லாரும் இங்கே இருக்கிறீர்கள். அதனால்தான் இந்த இழை.

இப்போது நடப்பது இதுதான். ஐந்து நாள் பயிலரங்கு. கருத்தாளர்கள் அடுத்தடுத்து வருகிறார்கள். திரையில் காட்சி ஓடுகிறது. குழுவாக உட்கார்ந்து பெரிய தாளில் எழுதுகிறார்கள், ஒருவர் எழுந்து வாசிக்கிறார், மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். ஐந்தாம் நாள் மாலை கருத்துப் படிவம். அநேகமாக எல்லாருமே "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். சில மாதங்கள் கழித்து அவர்களில் சிலருடைய வகுப்புகளில் அனுமதி கேட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பயிலரங்கில் பேசியவற்றின் சாயல்கூட அங்கே தென்படவில்லை. அந்த ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். நெரிசலான வகுப்பு, முடித்தாக வேண்டிய பாடப்பகுதி, திருத்தக் காத்திருக்கும் நோட்டுகள். இதற்கு நடுவில், காதால் கேட்டதைக் கைவரச் செய்துகொள்ள யாரும் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி அரங்கை விட்டு வெளியே வர வேண்டும். ஆசிரியரின் சொந்த வகுப்பில், அவர் நடத்தும் அதே பாடத்தில், ஆண்டு முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். ஆய்வாளர்களுக்கும் அப்படியே. எப்படிச் செய்வது, அதற்காக எதைக் கைவிடுவது என்று சொல்லுங்கள்.

கணக்காசிரியை

ஐயா, முதலில் நீக்க வேண்டியது ஒன்று. கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து ஒவ்வொருவருக்கும் வேறு வேறு விதமாகப் பாடம் நடத்தச் சொல்லும் அந்த அமர்வு. நான் போன பயிற்சிகளில் அது தவறாமல் இடம்பெற்றது. அப்படிப் பொருத்தி நடத்தினால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர்கள் 2008-லேயே ஆய்வுகளை அலசி எழுதிவிட்டார்கள். இன்னமும் அதை வேதவாக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆசிரியருக்குக் கிடைப்பதே கொஞ்ச நேரம். அதில் ஆதாரமில்லாத ஒன்றைத் தலையில் கட்டுவது அநியாயம்.

சேர்க்க வேண்டியதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். பலகையில் 1/2 + 1/3 என்று எழுதினால் வகுப்பில் சிலராவது 2/5 என்று எழுதுவார்கள். தொகுதியோடு தொகுதியைக் கூட்டி, பகுதியோடு பகுதியைக் கூட்டியிருக்கிறார்கள். முழு எண்களில் பழகிய கூட்டலை அப்படியே இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். "தவறு, மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடி" என்று சொன்னால் பிள்ளை கண்டுபிடித்துச் சரியான விடையையும் எழுதிவிடும். ஆனால் பின்னம் என்பது மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்ற எண்ணம் அப்படியே உட்கார்ந்திருக்கும். மாறாக, "அரையைவிட 2/5 பெரியதா, சிறியதா?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை ஒரு கணம் திகைக்கும். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்துபோனது எப்படி? அந்தத் திகைப்பிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு எந்தப் பயிற்சியும் சொல்லித் தரவில்லை. "கருத்தைத் தெளிவாக விளக்குங்கள்" என்றார்கள். கணக்கு தெரிந்தால் மட்டும் இந்தக் கேள்வி வாயில் வராது; பொதுவான கற்பித்தல் முறைகள் தெரிந்தாலும் வராது. இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே இடறுவார்கள், அங்கே என்ன கேட்டால் யோசிப்பார்கள் என்பது தனி அறிவு. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் இதற்கென்று ஒரு பெயரே வைத்தார்: பாடம்சார் கற்பித்தல் அறிவு. பயிற்சியில் பாதி நேரம் இதற்கே போக வேண்டும் என்பேன். ஒரே பாடம் நடத்தும் ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களின் விடைத்தாள்களைக் கொண்டுவந்து மேசையில் போடட்டும். தவறுகளை வகைப்படுத்தட்டும். ஒவ்வொரு வகைக்கும் என்ன கேட்பது என்று ஒருவர் மாணவராகவும் ஒருவர் ஆசிரியராகவும் நின்று பேசிப் பார்க்கட்டும்.

புதுமுகம்

நான் இன்னும் பயிற்சி மாணவிதான். அம்மா சொன்ன "பேசிப் பார்க்கட்டும்" என்பது எங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, நுண்ணிலைக் கற்பித்தல் என்ற பெயரில். அதன் நிலைமையைச் சொல்கிறேன்.

வினாக் கேட்கும் திறன், விளக்கும் திறன், வலுவூட்டும் திறன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடக் குறிப்பு எழுதுகிறோம். உடன் படிப்பவர்கள் முன்னால் உட்கார்ந்து பிள்ளைகளாக நடிக்கிறார்கள். அவர்களுக்கு விடை தெரியும். கேட்டவுடன் கையைத் தூக்கி, நாங்கள் எழுதி வைத்திருக்கும் விடையையே சொல்கிறார்கள். "மிக நன்று" என்கிறோம். பேராசிரியர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார். அடுத்தவர் வருகிறார்.

இந்த முறை 1963 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கியது. சில நிமிடப் பாடம், கொஞ்சம் மாணவர்கள், ஒரே ஒரு திறன். பாடத்தைப் பதிவுசெய்து உடனே பார்ப்பார்கள், கருத்துச் சொல்வார்கள், அதன் பிறகு அதே பாடத்தை வேறு மாணவர்களுக்கு மறுபடியும் நடத்துவார்கள். அந்த மறுபடி நடத்துவதில்தான் அதன் உயிர் இருக்கிறது. எங்களிடம் அது இல்லை. நேரமில்லை என்று அதைத்தான் முதலில் வெட்டினார்கள். பேர் மட்டும் மிச்சம்.

பழைய முதல்வர்

இழையைத் தொடங்கியவருக்கு ஓர் எச்சரிக்கை. நோக்கம் நல்லது. ஆனால் வகுப்புக்குள் வெளியாள் ஒருவர் வந்து உட்கார்ந்தால் ஆசிரியருக்கு முதலில் தோன்றுவது ஆய்வதிகாரி வந்துவிட்டார் என்பதுதான். நான் நிர்வாகத்தில் நெடுங்காலம் இருந்தவன். கையில் குறிப்பேட்டோடு ஒருவர் நுழைந்ததும் வகுப்பு மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆசிரியரின் குரல் உயரும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டுமே எழுப்பிக் கேள்வி கேட்பார். முந்தைய நாள் நடத்திய பாடத்தையே மறுபடியும் நடத்துபவர்களும் உண்டு. வந்தவர் பார்த்துவிட்டுப் போவது அந்த வகுப்பின் உண்மை நிலையை அல்லவே.

எனவே இரண்டு நிபந்தனைகள் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். வகுப்பு நோக்கலில் எழுதப்படும் எதுவும் பணிப் பதிவேட்டுக்கோ பதவி உயர்வுக்கோ போகக் கூடாது. இரண்டாவது, ஆசிரியரின் வாராந்தரப் பாடவேளைகளில் சிலவற்றைக் குறைத்தாக வேண்டும். இருக்கும் சுமையின் மேல் இன்னொரு சுமை ஏற்றிவிட்டு அதற்குத் தொழில்சார் வளர்ச்சி என்று பேர் வைத்தால் யாரும் மனம் ஒப்பி வர மாட்டார்கள்.

வழித்துணை

ஐயா, உங்கள் இரண்டு நிபந்தனைகளும் எனக்கு முழுச் சம்மதம். அவற்றை எழுத்திலேயே வைக்கிறேன்.

பயத்தைப் பொறுத்தவரை ஜப்பானில் நூறாண்டுக்கு மேலாக இருந்துவரும் பாட ஆய்வு முறையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். அங்கே ஒரு குழு சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறது. அவர்களில் ஒருவர் நடத்துகிறார். மற்றவர்கள் வகுப்பில் நின்று மாணவர்களைக் கவனிக்கிறார்கள்: எந்தப் பிள்ளை எந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தியது, யார் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதியது, எந்தக் கேள்விக்குப் பிறகு முகங்கள் மாறின. பிறகு எல்லாரும் உட்கார்ந்து பேசும்போது பாடம் குழுவினுடையது, குறையும் குழுவினுடையது. நடத்தியவர் கூண்டில் ஏற்றப்படுவதில்லை. அடுத்த வகுப்பில் பாடத்தைத் திருத்தி வேறொருவர் நடத்துவதும் உண்டு.

"ஆசிரியர் எப்படி நடத்தினார்" என்ற பத்தியை நோக்கல் படிவத்திலிருந்து எடுத்துவிட்டு, "மாணவர்கள் என்ன செய்தார்கள்" என்பதை மட்டும் வைத்தால் என்ன என்று யோசிக்கிறேன்.

ஆய்வு மாணவி

பள்ளி ஆசிரியர்களுக்காவது ஏதோ ஒரு பயிற்சி இருக்கிறது. எங்கள் கதையைக் கேளுங்கள். இயற்பியலில் முனைவர் பட்டம் செய்கிறேன். முதல் பருவத்திலேயே இளநிலை மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். பாடத்திட்டத் தாளும் வருகைப் பதிவேடும் கைக்கு வந்தன. வேறெதுவும் வரவில்லை. ஒரு கருவியைத் தொடுவதற்கு முன்னால் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். மனிதர்களுக்குப் பாடம் நடத்த அப்படி எதுவும் தேவைப்படவில்லை!

இயற்பியல் கற்பிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும் ஒரு கேள்வி. ஒரு பந்தை நேர்மேலே எறிகிறோம். கையை விட்டு வெளியேறி மேலே போய்க்கொண்டிருக்கிறது. காற்றின் தடையை விட்டுவிடுவோம். பந்தின் மீது செயல்படும் விசைகள் எவை? புவியீர்ப்பு விசை மட்டும்தான், கீழ்நோக்கி. ஆனால் மாணவர்களில் ஏராளமானவர்கள் மேல்நோக்கி ஒரு விசையையும் வரைவார்கள். பந்து உயர உயர அது குறைகிறது என்றும் விளக்குவார்கள். இதே மாணவர்கள் பந்து எவ்வளவு உயரம் போகும் என்று கணக்குப் போடச் சொன்னால் சூத்திரத்தில் எண்களைப் பொருத்திச் சரியாகப் போடுவார்கள்.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் 1980களிலிருந்தே இத்தகைய கேள்விகளைத் தொகுத்தார்கள். 1992-இல் அது விசைக் கருத்து வினாத்தொகுப்பாக வெளிவந்து உலகெங்கும் பரவியது. அவர்களுடைய கேள்விகளை ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் தம் மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கடினமான கணக்குகளைச் செய்யக்கூடியவர்கள் அடிப்படைக் கேள்விகளில் தடுமாறினார்கள். அதன் பிறகுதான் அவர் வகுப்பு நடத்தும் விதத்தையே மாற்றினார்: ஒரு கேள்வி, தனித்தனியாக விடை, பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடியும் விடை.

ஆசிரியர் அளவற்ற புலமை உள்ளவராக இருக்கலாம். மாணவர் மனத்தில் அந்த மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கிறது என்று தெரியாவிட்டால் அவர் பேசுவது அதன் மேல் படாமலேயே போய்விடும். இதை நான் ஆய்வு மாணவியாக இருக்கும்போதே கற்க விரும்புகிறேன். நிரந்தரப் பணி கிடைத்த பிறகு யாரும் என்னைக் கற்றுக்கொள்ளச் சொல்லப்போவதில்லை.

துறைப்புலமை

பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கிறேன். மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எனக்குக் கற்பித்தவர்களில் மிகச் சிறந்தவர்கள் எந்தக் கற்பித்தல் பயிற்சியும் பெறாதவர்கள். தங்கள் துறையில் ஆழ்ந்திருந்தார்கள். அந்த ஆழமும் ஈடுபாடும் எங்களைப் பற்றிக்கொண்டன. இன்று கற்பித்தல் சான்றிதழ்ப் படிப்புகள் என்ற பேரில் நடப்பவற்றில் சிலவற்றைப் பார்த்தேன். கலைச்சொற்களின் குவியல். கற்றல் விளைவுகளை வினைச்சொற்களால் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆய்வேட்டின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் என் மாணவரின் நேரத்தை இதற்காகப் பறிப்பதை ஏற்க முடியவில்லை. அவருக்கு வேலை கிடைக்கப்போவது கட்டுரைகளை வைத்துத்தான். அது சரியா தவறா என்பது வேறு, நிலவரம் அதுதான். பயிற்சியைக் கட்டாயமாக்கினால் அதன் விலையைக் கொடுக்கப்போவது அந்த இளைஞர்தான்.

ஆய்வு மாணவி

ஐயா, நீங்கள் சொல்லும் பேராசிரியர்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் நன்றியும் உண்டு. ஆனால் அவர்களால் ஈர்க்கப்பட்டுத் துறையில் நிலைத்தவர்கள் நாம். அதே வகுப்பில் உட்கார்ந்து, ஒன்றும் பிடிபடாமல் வேறு பக்கம் போய்விட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லையே.

2011-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு இயற்பியல். இரண்டு பெரிய பிரிவுகள், ஒவ்வொன்றிலும் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள். ஒரு பிரிவை அனுபவம் மிக்க, மாணவர்களிடம் நல்ல பேர் வாங்கிய பேராசிரியர் வழக்கம்போல் விரிவுரையாக நடத்தினார். மற்றொன்றை அனுபவம் குறைந்த, ஆனால் கற்பித்தலில் பயிற்சி பெற்ற இளம் ஆய்வாளர்கள் ஒரு வாரம் நடத்தினார்கள்: முன்வாசிப்பு, கேள்வி, குழு விவாதம், உடனடிக் கருத்து. பாடம் ஒன்றே. முடிவில் வைத்த சிறு தேர்வில் சராசரி 41 விழுக்காடும் 74 விழுக்காடும். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் அந்த ஆய்வில் ஒருவர். துறைப் புலமையைக் குறைத்து மதிப்பவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

ஒரு வாரம்தானே என்பீர்கள். 2014-இல் அறிவியல், பொறியியல், கணிதம் சார்ந்த பட்டப்படிப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்கள் சராசரியாக 34 விழுக்காடு. மாணவர்களை ஈடுபடுத்தி நடத்தியவற்றில் 22.

துறைப்புலமை

ஒரு வார ஆய்வில் புதுமையின் கவர்ச்சிக்கும் பங்கு இருந்திருக்கலாம். 225 என்பதை அப்படி ஒதுக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. என் ஆய்வு மாணவரின் மணிநேரம் எங்கிருந்து வரும்?

கணக்காசிரியை

உங்கள் மாணவர் ஏற்கெனவே வகுப்பு எடுக்கிறார் அல்லவா, ஐயா? அந்த மணிநேரத்திலிருந்தே வரும். எடுக்கிற வகுப்பையே பயிற்சியாக்கிவிட்டால் தனியாகச் சான்றிதழ்ப் படிப்பு எதற்கு?

தரவு விரும்பி

இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். வழித்துணையின் திட்டத்துக்கு ஆதரவாகவும் ஒன்று, தடையாகவும் ஒன்று சொல்ல இருக்கிறது.

ஆசிரியரின் வகுப்பைப் பார்த்து, அவரோடு பேசி, மறுபடியும் பார்க்கும் துணைநின்று பயிற்றுவிக்கும் முறையைப் பற்றி 60 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வு 2018-இல் வந்தது. கற்பித்தலில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மாணவர் மதிப்பெண்களிலும் முன்னேற்றம் இருந்தது, ஆனால் அளவில் சிறியது. ஒப்பீட்டுக்கு, ஒரே மூச்சில் நடத்தி முடிக்கும் பயிலரங்குகள் இந்த அளவுக்குக்கூடப் பலன் காட்டுவதில்லை. தடை என்னவென்றால், திட்டம் பெரிதாகி நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களை எட்டும்போது பலன் வெகுவாகக் குறைகிறது. காரணத்தை ஊகிக்கலாம். நல்ல வழிகாட்டிகள் கையளவுதான் இருப்பார்கள். மீதி இடங்களுக்குக் கிடைத்தவர்களைப் போடுவோம். எனவே வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சியை முதலில் எழுதுங்கள், ஆசிரியர்களுக்கானதை அதற்குப் பிறகு எழுதலாம்.

இன்னொன்று. அந்தக் கருத்துப் படிவத்தைத் தூக்கிப் போடுங்கள். கல்லூரி மாணவர்கள் பேராசிரியருக்கு இடும் மதிப்பெண்ணுக்கும் அவர்கள் உண்மையில் கற்றதற்கும் தொடர்பு இருப்பதாகப் பழைய ஆய்வுகள் சொல்லிவந்தன. 2017-இல் அவற்றை மறுபடியும் கணக்கிட்டபோது அந்தத் தொடர்பு சிறிய மாதிரிகளால் வந்த தோற்றம்தான் என்று தெரிந்தது. பயிலரங்கில் ஆசிரியர் இடும் மதிப்பெண் மட்டும் எப்படி நம்பகமானதாக இருக்கும்? பயிற்சி பலன் தந்ததா என்று அறிய வேண்டுமானால் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு வகுப்பு, முடிவில் ஒரு வகுப்பு என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

புதுமுகம்

வழிகாட்டி ஆசிரியர் என்றதும் எனக்கு வாய்த்தவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில் என்னோடு அவர் செய்தது ஒரே ஒரு காரியம். பாடம் நடத்தும்போது கைப்பேசியை மேசையில் வைத்துக் குரலைப் பதிவுசெய்யச் சொன்னார். மாலையில் இருவரும் கேட்டோம். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு எத்தனை வினாடி மௌனம் என்று அவர் நேரம் பார்த்து எழுதினார். அநேகக் கேள்விகளுக்கு ஒரு வினாடிகூட இல்லை. கேள்வி முடியும்போதே அடுத்த கேள்வி, அல்லது ஒரு பேர், அல்லது நானே சொல்லிவிடும் விடை.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் எத்தனையோ வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு இதையே கண்டார். ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு வினாடி அளவுதான். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். கேட்ட பிறகு காத்திருப்பது ஒன்று. பிள்ளை பேசி முடித்த பிறகும் காத்திருப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் கடினம். பிள்ளை நிறுத்தியதும் "சரி" என்று வாய் முந்திக்கொள்கிறது. நீங்கள் பேசாமல் இருந்தால் பிள்ளை தானாகவே "ஏன்னா…" என்று தொடங்குகிறது.

இந்த ஒரே ஒரு பழக்கத்துக்கு எனக்குப் பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதி தேவைப்பட்டது. ஐந்து நாளில் நாற்பது திறன்கள் என்று யாராவது நிரல் போட்டால் நம்பாதீர்கள்.

பழைய முதல்வர்

பிள்ளை பேசி முடித்த பிறகும் காத்திருப்பது பற்றிய இந்த ஒரு பத்தி, நான் தலைமை தாங்கிய பல பயிற்சி நாள்களைவிட மேலானது. நன்றி, மகளே. அந்த வழிகாட்டி ஆசிரியருக்கு இதற்காக ஒரு பாடவேளைகூடக் குறைக்கப்பட்டிருக்காது என்றும் எனக்குத் தெரியும். பின்லாந்தில் 1970களிலேயே ஆசிரியர் கல்வியைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தார்கள்; வகுப்பாசிரியருக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். அதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். பல்கலைக்கழகத்தோடு இணைந்த பயிற்சிப் பள்ளிகள் அங்கே இருப்பதையும், அங்குள்ள ஆசிரியர்களின் பணியிலேயே பயிற்சி மாணவர்களை வழிநடத்துவது சேர்ந்திருப்பதையும் அவ்வளவாகப் பேசுவதில்லை. வழிகாட்டுவதை நல்ல மனம் உள்ளவரின் இலவச சேவையாக விட்டுவிட்டால் நெடுநாள் ஓடாது.

ஆய்வு மாணவி

பேராசிரியர் பணி என்பது வகுப்பு மட்டுமல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வினாத்தாள் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது, ஆய்வு மாணவருக்கு நெறியாளராக இருப்பது, பிறர் கட்டுரையை மதிப்பிடுவது எல்லாவற்றையும் ஒரே நாளில் நம் தோளில் ஏற்றிவிடுகிறார்கள். எதற்கும் பயிற்சி கிடையாது.

விடைத்தாளை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1913-இலேயே அமெரிக்காவில் ஒரே வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். நூற்றுக்கு முப்பதுக்கும் கீழே போட்டவர்களும் இருந்தார்கள், தொண்ணூறு அளவுக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். கணிதத்திலேயே இப்படி! இதற்கு மருந்து எளிது. துறையில் பாடம் நடத்தும் ஆய்வாளர்கள் எல்லாரும் ஒரே விடைத்தாளைத் தனித்தனியாகத் திருத்திவிட்டு, எண்களைப் பலகையில் எழுதி, ஏன் இந்த வேறுபாடு என்று பேச வேண்டும். இப்படி ஓர் அமர்வில் இருந்திருக்கிறேன். வழிமுறைக்கு மதிப்பெண் உண்டா, விடைக்கு மட்டுமா என்பதில் எங்களுக்குள் உடன்பாடே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவில் 1993-இல் தொடங்கிய நாளைய பேராசிரியர்களைத் தயார்செய்யும் திட்டத்தில், முனைவர் பட்ட மாணவர்களைத் தங்கள் பல்கலைக்கழகத்தைப் போலல்லாத வேறு வகைக் கல்லூரிகளுக்கும் அனுப்பினார்கள். அங்கே ஒரு மூத்த ஆசிரியர் வழிகாட்டியாக இருப்பார். ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு அதே மாதிரி இடத்தில் வேலை கிடைப்பதில்லை. கற்பித்தலே முதன்மையாக இருக்கும் கல்லூரி எப்படி இயங்குகிறது என்பதை வேலைக்குச் சேர்ந்த பிறகு பார்ப்பதைவிட முன்னாலேயே பார்ப்பது நல்லது.

வழித்துணை

இவ்வளவையும் வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். குறைகளைச் சொல்லுங்கள்.

ஐந்து நாள் பயிலரங்கு இனி ஒரே மூச்சில் இல்லை. ஒரு நாள் மட்டும் முதலில், மீதி ஆண்டு முழுக்கப் பிரிந்து வரும். அந்த முதல் நாளில் ஒரு பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் மட்டும், தங்கள் மாணவர்களின் விடைத்தாள்களோடு. கண், காது, கை என்று பிள்ளைகளைப் பிரிக்கும் கற்றல் பாணிகள் அமர்வு நீங்குகிறது. ஒரு பருவத்துக்கு ஒவ்வோர் ஆசிரியரும் தாமே தேர்ந்தெடுத்த ஒரே ஒரு பழக்கத்தில் கவனம் செலுத்துவார். வழிகாட்டி மூன்று வாரத்துக்கு ஒரு முறை வகுப்புக்கு வருவார், அன்றே பேசுவார், அடுத்த வருகையில் அதையே மறுபடியும் பார்ப்பார். புதுமுகம் சொன்ன "மறுபடி நடத்துவது" எந்தக் காரணத்துக்காகவும் வெட்டப்படாது. நேரம் போதாவிட்டால் வேறு எதையாவது வெட்டுவோம். முதலாண்டில் முப்பது ஆசிரியர்களுக்கு மேல் சேர்ப்பதில்லை, வழிகாட்டிகள் தயாராகும் வரை.

முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குத் தனிச் சான்றிதழ் இல்லை. அவர்கள் எடுக்கும் வகுப்பே பயிற்சி. அதற்கு முன்னால் இரண்டு நாள், வாரம் ஒரு மணிநேரக் கலந்துரையாடல், கூட்டாக விடைத்தாள் திருத்தல், வேறொரு கல்லூரியில் சில வகுப்புகள். கலைச்சொல் அமர்வுகள் கிடையாது.

பழைய முதல்வர்

குரல் பதிவு, காணொளிப் பதிவு எதுவாக இருந்தாலும் அது யாரிடம் இருக்கும் என்று வரைவில் இல்லை. ஆசிரியரிடம் மட்டுமே இருக்க வேண்டும், பார்த்து முடித்ததும் அழிக்கும் உரிமையும் அவருக்கே வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியும் காணொளி என்றால் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். குரல் மட்டும் போதும் என்பது என் எண்ணம். இதை எழுதாமல் தொடங்கினால் முதல் மாதத்திலேயே முட்டுக்கட்டை விழும்.

துறைப்புலமை

வரைவைப் படித்தேன். என் எதிர்ப்பில் பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதி, வாரம் ஒரு மணிநேரத்தை நெறியாளர்கள் மதிப்பார்களா என்பது பற்றியது. மாணவருக்கு நுழைவுக் கடிதம் கொடுக்கும்போதே அதில் இந்த மணிநேரத்தை எழுதிவிடுங்கள். எழுதாத நேரம் ஆய்வகத்துக்குப் போய்விடும், என் ஆய்வகம் உட்பட.

அடுத்த பருவத்தில் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு ஒரு பாடம் எடுக்கிறேன். வகுப்பு நோக்கலை ஆய்வாளர்களிடமிருந்து தொடங்காமல் மூத்தவர்களிடமிருந்து தொடங்கினால் அவர்களுக்குப் பயம் குறையும். என் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வேண்டுகோள்: வருபவர்களில் ஒருவராவது என் துறையைச் சேர்ந்தவராக இருக்கட்டும். மாணவர் எங்கே இடறுகிறார் என்பது மற்றவர்களுக்குப் பிடிபடாது.

ஆய்வு மாணவி

துறை தெரியாத ஒருவரும் கட்டாயம் வேண்டும், ஐயா. நமக்குச் சாதாரணமாகத் தோன்றி நாம் தாண்டிப்போகும் படியில்தான் அவரும் மாணவரும் நிற்பார்கள். துறை தெரிந்தவராக நான் வருகிறேன். இன்னொருவராகக் கணக்காசிரியை அம்மா வர முடியுமா?

கணக்காசிரியை

வருகிறேன். பாடத் தலைப்பையும், அதே தலைப்பில் போன ஆண்டு மாணவர்கள் எழுதிய விடைத்தாள்கள் சிலவற்றையும், பெயர்களை மறைத்து, ஒரு வாரம் முன்னதாக அனுப்பிவையுங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு வந்தால்தான் எந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியும்.